முடிவை எழுதும் உரிமை

1957இல் நியூயார்க்கின் பிராட்வேயில் ஒரு நாடகம் மேடையேறியிருக்க வேண்டும். ஆலிஸ் சில்ட்ரெஸ் எழுதிய 'ட்ரபிள் இன் மைண்ட்' அது. உரிமை வாங்கியாகிவிட்டது; தலைப்பைக்கூட மாற்றிவிட்டார்கள். தயாரிப்புத் தரப்பு திருத்தச் சொன்னது, திருத்திக் கொடுத்தார். மறுபடி சொன்னது, மறுபடி கொடுத்தார். ஒரு கட்டத்தில் அந்தப் பிரதிக்குள் தான் எழுதிய நாடகம் மிச்சமில்லை என்று பட்டதும் இனி முடியாது என்று சொல்லிவிட்டார். நாடகம் வரவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1959இல், லொரைன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் த சன்' பிராட்வேக்கு வந்தது. அங்கே நாடகம் மேடையேறிய முதல் கறுப்பினப் பெண் என்ற இடம் ஹான்ஸ்பெரிக்குப் போனது. அன்றிலிருந்து சில்ட்ரெஸை அறிமுகப்படுத்தும் கட்டுரைகள் பெரும்பாலும் அந்த இடத்தை மயிரிழையில் தவறவிட்டவர் என்றே ஆரம்பிக்கின்றன. இது அவருக்கு இழைக்கப்படும் அநீதி என்று நான் நினைக்கிறேன். நாடகத்தின் கடைசிக் காட்சி யாருடைய மன ஆறுதலுக்காக எழுதப்பட வேண்டும் என்பதே அவருடைய ஏறத்தாழ நாற்பது ஆண்டு எழுத்தின் மையக் கேள்வி. 1957இல் அவர் சொன்ன மறுப்பு அந்தக் கேள்விக்கு அவர் கொடுத்த பதில்களில் ஒன்று; அதை அவருடைய படைப்புகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

சில்ட்ரெஸ் 1916இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பிறந்தார். நியூயார்க்கின் ஹார்லெமில் பாட்டியிடம் வளர்ந்தார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. வீட்டு வேலை உட்பட கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். 1940இல் ஹார்லெமில் தொடங்கிய அமெரிக்கன் நீக்ரோ தியேட்டரில் ஆரம்ப காலத்திலேயே சேர்ந்து, நடிப்பு முதல் மேடைக்குப் பின்னால் உள்ள வேலைகள் வரை கற்றுக்கொண்டார். அந்தக் குழுவின் 'அன்னா லூகாஸ்டா' 1944இல் பிராட்வேக்குப் போய் 957 காட்சிகள் ஓடியது. சில்ட்ரெஸ் அதில் நடித்தவர். அந்த வெற்றியால் குழுவுக்குக் கிடைத்த வருமானம் சொற்பம். நல்ல நடிகர்கள் நகரின் மையப்பகுதிக்குப் போய்விட, சில ஆண்டுகளில் குழுவே தேய்ந்து போனது. பிராட்வே ஒரு நாடகத்தை எடுத்துக்கொள்ளும்போது அதை உருவாக்கியவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பதை அவர் எழுத ஆரம்பிக்கும் முன்பே கண்ணால் பார்த்துவிட்டார். பின்னாளில் அவர் காட்டிய பிடிவாதத்தை எடைபோடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

1949இல் வந்த 'ஃப்ளாரன்ஸ்' அவருடைய முதல் நாடகம், ஓரங்க நாடகம். சக நடிகர்களோடு நடந்த ஒரு வாக்குவாதத்தில், இனப் பிரச்சினையை மேடையில் காட்ட வேண்டுமானால் உயிர் போகிற விஷயம் வேண்டும் என்று சிலர் சொன்னதாகவும், அதை மறுப்பதற்காகவே ஒரே இரவில் இதை எழுதியதாகவும் சொல்வார்கள். தென் மாநிலம் ஒன்றில் சின்ன ரயில் நிலையம். காத்திருப்புக் கூடத்தின் நடுவே ஒரு தடுப்புக் கம்பி. ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் கறுப்பினத்தவர். நியூயார்க்கில் நடிகையாகப் போராடும் மகளைத் திரும்ப அழைத்து வரக் கிளம்பிய ஒரு தாய் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அன்பாகப் பேச்சுக் கொடுக்கிறாள். தனக்கு நாடக உலகில் ஆட்களைத் தெரியும், உன் மகளுக்கு உதவுகிறேன் என்கிறாள். தாய்க்கு நம்பிக்கை துளிர்க்கிறது. அந்த உதவி வீட்டு வேலைக்காரி வேலை என்று தெரியவந்ததும் அவள் பயணத்தை நிறுத்தி, பயணத்துக்கு வைத்திருந்த பணத்தை மகளுக்கே அனுப்பிவிடுகிறாள், இன்னும் முயன்று பார் என்ற செய்தியோடு. யாரும் சாகவில்லை, யாரும் கத்தவில்லை. மகளின் கதை எப்படி முடிய வேண்டும் என்று முடிவு செய்ய அந்தப் பெண்மணிக்கு உரிமை இல்லை என்று தாய் தீர்மானித்தாள், அவ்வளவுதான். பிற்கால நாடகங்களின் விதை முழுவதும் இங்கே இருக்கிறது.

'ட்ரபிள் இன் மைண்ட்' 1955இல் கிரீனிச் வில்லேஜில், தேவாலயக் கட்டடம் ஒன்றுக்குள் இயங்கிய கிரீனிச் மியூஸ் என்ற சிறு அரங்கில் மேடையேறி 91 காட்சிகள் ஓடியது. அதன் களமே ஒரு நாடக ஒத்திகை. வெள்ளை எழுத்தாளர் ஒருவர் எழுதிய, கும்பல் கொலையைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நாடகத்தை பிராட்வேக்காகத் தயார் செய்கிறார்கள். அனுபவம் மிக்க கறுப்பின நடிகை வைலெட்டா மேயர் முதல் நாளே ஓர் இளம் நடிகனுக்குப் பிழைக்கும் வழி சொல்லிக் கொடுக்கிறாள்: இயக்குநர் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரி, அனுபவம் என்ன என்று கேட்டால் சின்ன வயதில் 'போர்கி அண்ட் பெஸ்'ஸில் இருந்தேன் என்று சொல். இயக்குநர் மானர்ஸ் தன்னை முற்போக்காளர் என்றே நம்புகிறவர். ஒரு காகிதத்தைக் கசக்கித் தரையில் போட்டு எடுக்கச் சொல்கிறார். இளம் வெள்ளை நடிகை எடுக்கக் குனிய, உன்னிடம் சொல்லவில்லை, வைலெட்டாவிடம் சொன்னேன் என்கிறார். வைலெட்டா வெடித்ததும், உண்மையான உணர்ச்சி என்றால் இதுதான், பாடம் முடிந்தது என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் சில்ட்ரெஸ் காட்டியது போல, அவமதிப்பைப் பயிற்சி என்று பெயர் சூட்டி ஏற்கவைக்கும் வழியை வேறு யாரும் இத்தனை துல்லியமாகக் காட்டி நான் படித்ததில்லை.

பிறகு வைலெட்டாவுக்கு மெதுவாக ஒரு சங்கடம் வளர்கிறது. அவள் நடிக்கும் தாய் பாத்திரம், வாக்களிக்க முயன்ற மகனைக் கொலைகாரக் கும்பல் தேடி வரும்போது அவனை வெளியே போய்ச் சரணடையச் சொல்ல வேண்டும். எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று கேட்கிறாள். அந்தக் குழுவில் கும்பல் கொலையின் கோரத்தைச் சிறுவனாக நேரில் கண்டவர் ஷெல்டன் என்ற முதிய கறுப்பின நடிகர் மட்டுமே; அவர்தான் வேலை போய்விடுமோ என்று எல்லோரைவிட அதிகம் பயந்து, இயக்குநருக்குத் தலையாட்டுகிறவர். அவரை வில்லனாக்காமல், அவருடைய அச்சத்துக்கு முழு மரியாதை கொடுத்து எழுதியிருக்கிறார் சில்ட்ரெஸ். உன் மகனாக இருந்தால் நீ அனுப்புவாயா என்று வைலெட்டா நெருக்கும்போது, என் மகனையும் உன் மகனையும் ஒப்பிடாதே என்ற பொருளில் மானர்ஸின் வாய் தவறிவிடுகிறது. ஒத்திகை கலைகிறது. வைலெட்டாவுக்கு மறுநாள் அழைப்பு வராது. மற்றவர்கள் போன பிறகு, முதிய வாயிற்காவலர் ஹென்றி மட்டும் இருக்கிறார். அவர் ஒலிப்பதிவுக் கருவியில் கைத்தட்டல் ஓசையைப் போட, வெறும் அரங்கில் நின்று அவள் விவிலியத்தின் 133ஆம் சங்கீதத்தைச் சொல்கிறாள். இதுதான் அவர் நினைத்த முடிவு.

1955இல் பார்வையாளர்கள் பார்த்தது இதுவல்ல. அரங்கத்தாரின் வற்புறுத்தலால் முடிவு மாற்றப்பட்டது: நடிகர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து வைலெட்டாவின் பக்கம் நிற்க, இயக்குநர் இறங்கி வர, சமாதானமாக முடிந்தது. சில்ட்ரெஸ் சமரசமே செய்யாதவர் என்ற பேச்சுக்கு எதிராக இதை யாராவது எடுத்துக்காட்டினால் அது நியாயம்தான்; அவர் ஒரு முறை விட்டுக்கொடுத்தார், அதற்காகப் பிறகு வருந்தினார். ஆனால் 1957ஐப் புரிந்துகொள்ள இந்த விட்டுக்கொடுத்தல்தான் சாவி. ஆறுதலான முடிவு நாடகத்தை என்ன செய்கிறது என்று ஊகிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. 91 காட்சிகளில் பார்த்துவிட்டார். வேலை போகும் என்று தெரிந்தே ஒரு நடிகை பேசினாள் என்பதுதான் கதை. கடைசியில் எல்லோரும் அவளோடு நின்றார்கள் என்று காட்டினால், பேசினால் ஒன்றும் ஆகாது என்று அர்த்தமாகிவிடும். அரங்கிலிருந்து வெளியேறும் பார்வையாளர் தானும் அந்த நல்லவர்களில் ஒருவர் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போய்விடுவார். இன்னும் ஒன்று: கறுப்பின நடிகை தனக்குப் பொருந்தாத காட்சியை மாற்றக் கேட்பதைப் பற்றிய நாடகத்தை, கறுப்பின நாடகாசிரியை தனக்குப் பொருந்தாதபடி மாற்றித் தர வேண்டும் என்றார்கள். மானர்ஸ் பேசிய பேச்சையே தயாரிப்புத் தரப்பு திரும்பப் பேசியது.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஹான்ஸ்பெரியிடமிருந்தே வரும். 'எ ரெய்சின் இன் த சன்' பிராட்வேயில் 530 காட்சிகள் ஓடியது. பல்லாயிரம் பேர் பார்த்தார்கள். அடுத்த தலைமுறைக்குக் கதவு திறந்தது. கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் அந்தக் கதவை சில்ட்ரெஸே இரண்டு ஆண்டு முன்னதாகத் திறந்திருக்கலாமே? ஹான்ஸ்பெரியின் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அது பெரிய நாடகம். ஆயினும் அந்தப் பிரதியும் வெட்டுப்பட்டே மேடையேறியது. வெள்ளையர் பகுதியில் குடியேறினால் குண்டு வீசுவார்கள் என்று எச்சரிக்கும் பக்கத்து வீட்டு மிசஸ் ஜான்சன் வரும் காட்சி முதல் தயாரிப்பில் இல்லை. அது இல்லாமல் போனதால், புது வீட்டுக்குக் குடும்பம் கிளம்பும் கடைசிக் காட்சியைப் பலர் மங்களமான முடிவு என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்த நாடகம் ஒரு காட்சியை இழந்தும் தாங்கும் கட்டமைப்பு கொண்டது. 'ட்ரபிள் இன் மைண்ட்' அப்படியல்ல. முடிவை எடுத்தால் முதல் காட்சி வரை சரிந்துவிடும். இரண்டு எழுத்தாளர்களிடமும் கேட்கப்பட்ட விலை ஒரே அளவு அல்ல.

விலையை சில்ட்ரெஸ் கொடுக்காமலும் இல்லை. 'வெட்டிங் பேண்ட்' 1918இல் தென் கரோலினாவில் நடக்கிறது: கறுப்பினத் தையற்காரி ஜூலியாவும் வெள்ளைக்கார பேக்கரிக்காரர் ஹெர்மனும் பத்து ஆண்டு சேர்ந்து வாழ்ந்தும் சட்டப்படி மணம் செய்ய முடியாதவர்கள். 1966இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேடையேறியது. அத்தகைய திருமணத் தடைகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒழித்தது அடுத்த ஆண்டுதான். நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டருக்கு வர 1972 ஆயிற்று. பிறகு ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது அதன் இணை நிலையங்கள் சில மறுத்துவிட்டன. 1969இல் பாஸ்டன் தொலைக்காட்சிக்கு எழுதிய 'வைன் இன் த வில்டர்னெஸ்' அலபாமாவில் காட்டப்படவில்லை. போதைக்கு அடிமையாகும் பதின்மூன்று வயதுப் பையனைப் பற்றிய 1973ஆம் ஆண்டு நாவல், நியூயார்க் மாநிலத்தின் ஒரு பள்ளி நூலகத்திலிருந்து அகற்றப்பட்ட புத்தகங்களில் ஒன்று. அப்படி அகற்றியதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982இல் தீர்ப்பானது. அந்த நாவலின் கடைசிப் பக்கத்திலும் பையன் வருவானா என்று வளர்ப்புத் தந்தை காத்து நிற்கிறார். வந்தான் என்று ஆசிரியர் எழுதவில்லை.

பிரச்சாரத்துக்காக எழுதினார், அதனால்தான் பெரிய அரங்குகள் ஒதுக்கின என்பார்கள் சிலர். இடதுசாரி வட்டத்தில் அவர் இருந்தது உண்மை. பாடகர் பால் ரோப்சனின் 'ஃப்ரீடம்' பத்திரிகையில் மில்ட்ரெட் என்ற வீட்டுப் பணிப்பெண் பேசுவதாகத் தொடர் எழுதினார், அது 1956இல் புத்தகமானது. ஆனால் அவருடைய கண்டிப்பு ஒரு பக்கத்துக்கு மட்டும் இல்லை. 'வைன் இன் த வில்டர்னெஸ்'ஸில் தவறு செய்கிறவன் கறுப்பின ஓவியன்: படித்தவன், இனப் பெருமை பேசுகிறவன். கலவரத்தில் வீடிழந்த டாமி என்ற சாதாரணப் பெண்ணை, சீரழிந்த பெண்ணுக்கு மாதிரி என்று அவளுக்கே தெரியாமல் வரைய அழைக்கிறான். விஷயம் தெரிந்ததும் டாமி அவனையும் அவன் நண்பர்களையும் நேருக்கு நேர் கேட்கிற கேள்விகளில் அந்த ஓவியத்தின் திட்டமே மாறிப்போகிறது. மானர்ஸிடம் வைலெட்டா கேட்டதைத்தான் டாமி தன் இனத்து ஆணிடம் கேட்கிறாள். பிரச்சார எழுத்து தன் தரப்பை இப்படிக் கூண்டில் ஏற்றாது.

சில்ட்ரெஸ் 1994இல் காலமானார். 'ட்ரபிள் இன் மைண்ட்' 2021 நவம்பரில் பிராட்வேக்கு வந்தது, லாஷான்ஸ் வைலெட்டாவாக நடித்தார். டோனி விருதுக்கு மறுதயாரிப்புப் பிரிவில் பரிந்துரையானது. பிராட்வேயில் அதற்கு முன் ஒரு நாள்கூட நடக்காத நாடகம் அது. அடுத்த ஆண்டு புரூக்ளினில் 'வெட்டிங் பேண்ட்' மறுபடி மேடையேறியது. அறுபத்து நான்கு ஆண்டு தாமதத்தை வெற்றி என்று கொண்டாட என்னால் முடியவில்லை. அந்த வேடத்தை ஏற்றிருக்கக்கூடிய ஒரு தலைமுறை நடிகைகள் அதற்குள் போய்விட்டார்கள். ஊக்கம் கிடைத்திருந்தால் அவரே இன்னும் எத்தனை நாடகம் எழுதியிருப்பாரோ. அந்த இழப்பை அவருடைய பிடிவாதத்தின் கணக்கில் எழுதுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. முடிவை மாற்று என்றவர்கள் பெயர் அந்தக் கணக்கில் முதலில் வர வேண்டும். 2021இல் மேடைக்கு வந்தது 1955இன் சமாதான முடிவு அல்ல, அவர் அச்சில் மீட்டு வைத்த முடிவு: வைலெட்டா, ஹென்றி, பதிவுசெய்த கைத்தட்டல். 1957இல் அவர் இறங்கிப்போயிருந்தால் பிராட்வேக்குக் கிடைத்திருப்பது வேறொரு தலைப்பில் வேறொரு நாடகம்.