எல்லைக்கு இருபுறமும் ஒரே கோப்பு: திரைப்படப் பகிர்வும் நஷ்டத்தின் பங்கீடும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பாறசாலையும் குன்னத்துகாலும் அப்படித்தான் எல்லையோரக் கேரள ஊர்களாயின. சினிமா வியாபாரம் இந்த எல்லைக்கோட்டை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. தமிழ்ப் படங்களின் தமிழ்நாட்டு உரிமை ஏரியா ஏரியாவாக விற்கப்படும். குமரி மாவட்டம் 'டி.கே.' என்னும் திருநெல்வேலி–கன்னியாகுமரி ஏரியாவில் வரும். குன்னத்துகால் கேரள உரிமைக்குள் அடங்கும். களியக்காவிளைச் சந்தைக்கு இரு மாநிலத்தாரும் ஒன்றாகப் போய்வந்தாலும், அவர்கள் வாங்கும் டிக்கெட்டின் பணம் வெவ்வேறு விநியோகஸ்தர்களுக்குச் சேரும். டெலிகிராமில் வந்து விழும் கோப்புக்கு மட்டும் ஏரியா கிடையாது.

கோப்புப் பகிர்வின் அறத்தைப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டே கட்சி. இறங்கிய ஒவ்வொரு பிரதியும் பறிபோன ஒரு டிக்கெட் என்பது தயாரிப்பாளர் கணக்கு. கோடிகளில் சம்பளம் வாங்கும் நடிகருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்பது பார்வையாளர் சமாதானம். முதலாவது மிகை. படம் இலவசமாகக் கிடைக்காவிட்டால் தியேட்டர் பக்கமே போயிருக்காதவரும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறார். ஆனால் இரண்டாவதுதான், என் பார்வையில், கூடுதல் ஆபத்தானது. நட்சத்திரத்துக்கு நஷ்டமில்லை என்பது பெரும்பாலும் உண்மை. அவருடைய சம்பளம் ரிலீசுக்கு முன்பே கைக்கு வந்துவிடுகிறது. எம்.ஜி. எனும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை கொடுத்துப் படம் எடுத்த விநியோகஸ்தரும், அவரிடம் முன்பணம் கட்டிய சிறுநகரத் தியேட்டர்காரரும்தான் வசூல் குறைந்தால் முதலில் அடிவாங்குகிறார்கள். பணக்காரருக்கு எதிரான சிறு கலகமாகத் தன்னை நினைத்துக்கொள்ளும் செயல், சங்கிலியின் மெலிந்த கண்ணியில்தான் போய் விழுகிறது.

நஷ்டம் எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. இசைப் பதிவிறக்கங்களால் விற்பனை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று ஓபர்ஹோல்சர்-கீயும் ஸ்ட்ரம்ஃபும் 2007-இல் எழுதினர். கடும் மறுப்புகள் வந்தன. ரிலீசுக்கு முன்பே கசிந்த படங்களின் வசூல் சுமார் 19 சதவீதம் குறைகிறது என்று 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. நமக்கு நெருக்கமானது தெலாங்கும் வால்ட்ஃபோகலும் இந்தியப் படங்களை வைத்துச் செய்த ஆய்வு: 1985-க்கும் 2000-க்கும் இடையில் வி.சி.ஆரும் கேபிளும் பரவித் திருட்டுப் பிரதிகளை எளிதாக்கியபோது வருவாயோடு புதிய படங்களின் எண்ணிக்கையும் குறைந்தது. இவற்றைச் சேர்த்துப் படித்தால், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட எப்போது பார்த்தார்கள் என்பதே கனமாகத் தெரிகிறது.

மலையாளப் படமான 'பிரேமம்' இந்த இடத்தில் அடிக்கடி தவறாக மேற்கோளாகிறது. 2015 மே 29 அன்று வெளியான அல்போன்ஸ் புத்திரனின் அந்தப் படம், தணிக்கைக்குக் கொடுத்த பிரதியிலிருந்து இணையத்தில் கசிந்தது; திருவனந்தபுரம் தணிக்கை அலுவலகத்தின் தற்காலிக ஊழியர்கள் கைதானார்கள். அப்படியும் படம் பெருவெற்றி பெற்றது, சென்னையில் மலையாளத்திலேயே 200 நாளைத் தாண்டியது, எனவே கசிவால் கேடில்லை என்கிறார்கள். கசிவு வந்தது ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து. அதற்குள் தியேட்டர்கள் பெரும்பகுதி வசூலை எடுத்துவிட்டன. அந்தப் படம் நிரூபிப்பது வேறொன்றை: கசிவின் ஊற்று சில வேளைகளில் படம் தியேட்டருக்குப் போகும் முறையான வழிக்குள்ளேயே இருக்கிறது. சட்டத்தின் கண்ணோ தெருவின் மேல்தான்: தமிழ்நாடு 2004-இல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, தெருவில் திருட்டு விசிடி விற்பவர்களை விசாரணையின்றிச் சிறைவைக்க வழி செய்திருந்தது.

கிடைக்காததைப் பகிர்வது தவறா என்ற கேள்வியை எல்லைப்புறம் நன்றாகவே சோதிக்கிறது. 2023 அக்டோபர் 19 அன்று 'லியோ' என்ற தமிழ்ப் படத்துக்குக் கேரளத்தில் அதிகாலை 4 மணிக்கே காட்சி. தமிழ்நாட்டில் 9 மணிக்கு முன்னால் அனுமதியில்லை. குமரி மாவட்ட ரசிகர்கள் எல்லை தாண்டி வந்து டிக்கெட் எடுத்தார்கள். ஐந்து மணி நேரத் தாமதத்தை யாரும் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது. அதைக் காட்டிப் பிரதி எடுப்பவருக்கு எந்த நியாயமும் இல்லை. எந்தத் தளத்திலும் விற்பனையில் இல்லாத முப்பது வருடப் பழைய படத்தை நண்பருக்கு அனுப்புபவர் வேறு தட்டில் நிற்கிறார். சட்டத்தின் முன் இருவரும் உரிமையை மீறியவர்கள்தான். அறத்தின் முன் இருவரும் ஒன்றல்ல. நடுவில் நிற்பவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதல் வாரத்திலேயே லிங்க்கைத் தள்ளிவிடுபவர். காசு வாங்காததால் அவர் தன்னைக் குற்றவாளிகளின் பட்டியலில் வைப்பதில்லை. தியேட்டருக்கு உயிர்நாடியான அதே நாட்களில்தான் அவர் வேலை செய்கிறார் என்பதால், நான் அவரைத் தனியாகப் பார்ப்பவரைவிடக் கூடுதல் குற்றப்பொறுப்பு உள்ளவராக எண்ணுகிறேன்.

மலிவான நேர்வழி கிடைத்தால் பகிர்வு ஓய்ந்துவிடும் என்பதும் பாதிதான் சரி. இயக்குநர் சேரன் 2015-இல் சி2எச் (சினிமா டு ஹோம்) தொடங்கி 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை'யை வீட்டுக்கே டிவிடியாகக் கொடுத்தார், முயற்சி நீடிக்கவில்லை. கேரள அரசின் சி ஸ்பேஸ் தளம் 2024 மார்ச்சில் படமொன்றுக்கு 75 ரூபாய் என்று திறந்தது, பாதி உரிமையாளருக்கு. பங்கு வெளிப்படையாகத் தெரிவது நல்ல தொடக்கம். ஆனால் முதல் வாரப் பசிக்கு அது தீனி அல்ல.

2024 ஜூலையில் மதுரைக்காரர் ஒருவர் திருவனந்தபுரம் தியேட்டரில் 'ராயன்' என்ற தமிழ்ப் படத்தைப் பதிவு செய்யும்போது பிடிபட்டார். போலீசாரை அங்கே கொண்டுசேர்த்தது 'குருவாயூர் அம்பலநடையில்' என்ற மலையாளப் படம் பற்றிய புகார். இத்தகைய பதிவுக்கு 2023-இன் ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், மூன்று லட்சம் ரூபாய் முதல் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதமும் விதிக்கிறது. அபராதத்தின் அளவுகோல் தயாரிப்பாளரின் செலவு. தொகை போவது அரசுக்கு. கேரள உரிமையை வாங்கியவரும் டி.கே. விநியோகஸ்தரும் தங்கள் நஷ்டத்தைத் தனித்தனி வழக்கில்தான் தேடவேண்டும், ஒரே கோப்பு இருவரையும் கெடுத்திருந்தாலும்.