ஏசி உள்யூனிட்டில் இரைச்சலா? ஓசையைக் கொண்டே பழுதை அறியலாம்

பெங்களூரு: கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருவில், வீட்டுக்கு ஏசி என்பது நெடுங்காலம் ஆடம்பரமாகவே கருதப்பட்டது. 2016 ஏப்ரலில் வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியஸை எட்டியது. 2024 ஏப்ரலில் மீண்டும் 38 டிகிரியைத் தொட்டது. மின்விசிறியே போதும் என்றிருந்த வீடுகளிலும் ஏசி இடம்பிடித்தது. எனினும் இந்நகரில் அது பெரும்பாலும் கோடை மாதங்களில் மட்டுமே இயங்குகிறது. மற்ற மாதங்களில் தூசு படிந்து கிடக்கும் உள்யூனிட், மார்ச்சில் இயக்கியதும் இரையத் தொடங்குகிறது.

இரைச்சலின் தன்மையே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். காற்று சீறுவது போன்ற ஓசை எழுந்தால் வடிகட்டி அடைத்திருக்கலாம். மின்இணைப்பைத் துண்டித்த பின் அதைக் கழற்றி நீரில் அலசி, நிழலில் உலர்த்திப் பொருத்த வேண்டும். தினமும் பயன்படுத்தும் வீடுகளில் இரு வாரங்களுக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

வடிகட்டியைச் சுத்தம் செய்த பிறகும் 'தடதட' என்ற அதிர்வு நீடித்தால், உள்ளே உருளை வடிவில் சுழலும் புளோயரைச் சந்தேகிக்க வேண்டும். அதன் இதழ்களில் தூசு சீரற்றுப் படியும்போது எடைச் சமநிலை குலைந்து யூனிட் முழுவதும் அதிர்கிறது. இதனைத் தொழில்நுட்பப் பணியாளரிடம் விடுவதே முறை. வீட்டிலேயே நீர் பீய்ச்சினால் மோட்டாரும் மின்சுற்றுப் பலகையும் பழுதாகக்கூடும். 'கீச்' ஒலி பெரும்பாலும் புளோயர் முனையில் உள்ள புஷ் தேய்ந்ததைக் குறிக்கும். அதற்கு எண்ணெய் விடுவதைவிட மாற்றிவிடுவதே தீர்வு.

அடுக்குமாடி வீடுகளில் பலரைக் குழப்புவது 'குளுகுளு' ஓசை. சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி ஓடும்போது மூடிய வீட்டில் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் வெளிக்காற்று வடிகால் குழாய் வழியே நீரைக் கிளறியபடி உள்ளே வருகிறது. ஜன்னலைச் சிறிது திறந்ததும் ஓசை நின்றால் காரணம் இதுவே. பழுது ஏதும் இல்லாத ஏசிக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

இயக்கும்போதும் நிறுத்தும்போதும் எழும் மெல்லிய 'ஸ்ஸ்' ஒலி இயல்பானது. அது ஓயாமல் தொடர்ந்து, குளிர்ச்சியும் குறைந்தால் வாயு கசிகிறது என்று பொருள்கொள்ளலாம். புதிய ஏசிகள் பலவற்றில் உள்ள ஆர்-32 வாயு ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பதால் தாமதிக்கலாகாது.

சுவரில் பதித்த தகட்டின் திருகுகள் தளர்ந்தாலும் அதிர்வு பெருகும். உள்ளீடற்ற கட்டைகளால் எழுப்பிய சுவர்களில் இது அதிகம்; அவற்றுக்கு ஏற்ற ஆங்கர் திருகுகள் தேவை.

எல்லாம் சரியாக இருந்தும் உறக்கம் கெட்டால் விசிறி வேகத்தைக் குறைக்கலாம். வேகம் பாதியானால் ஒலி சுமார் 15 டெசிபல் குறையும் என்பது விசிறிப் பொறியியலின் பொதுக் கணக்கு. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை அனுமதிக்கப்பட்ட அளவு 45 டெசிபல். அது வெளிப்புறச் சூழலுக்கான வரம்பு; படுக்கையறைக்குள் அதே அளவு ஒலித்தால் பலருக்கும் உறக்கம் வருவது கடினம்.