ஒட்டுக் கேட்டவரை ஒட்டுக் கேட்டார்கள்



நான் தொழிலால் கணக்காளன். ஓர் ஆட்சியாளரின் வரலாற்றைப் படித்தாலும் என் கண் கணக்குப் பக்கமே போகும். இம்மாதம் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டு ஒட்டோ பெரேஸ் மொலினாவின் கதை.

அங்கே 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர் என்று 1999 இல் உண்மை ஆணைக்குழு மதிப்பிட்டது. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 வீதத்தினர் மாயா மக்கள். பல்லாயிரம் பேர் மெக்சிக்கோவில் அகதிகளானார்கள்.

மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இக்சில் பகுதியில், நெபாச் நகரில், 1982 இல் மேஜராக இருந்தவர் பெரேஸ் மொலினா. 1990களின் தொடக்கத்தில் இராணுவப் புலனாய்வுத் தலைவரானார். பின்னர் சமாதானப் பேச்சில் இராணுவத்தின் பிரதிநிதி. 2001 இல் கட்சி தொடங்கினார். சின்னம், இறுக்கிய கைமுட்டி. 2007 தேர்தலில் தோற்று, 2011 இல் வென்று, 2012 ஜனவரியில் ஜனாதிபதியானார்.

2013 இல் முன்னாள் ஆட்சியாளர் ரியோஸ் மொன்ட் மீதான இனப்படுகொலை வழக்கில் ஒரு சாட்சி இவர் பெயரையும் சொன்னார். இவர் மறுத்தார். பதவியின் சட்டப் பாதுகாப்பும் இருந்தது.

இவரை வீழ்த்தியது சுங்க வரி மோசடி. இறக்குமதியாளர்கள் ஒரு தொலைபேசி இலக்கத்தை அழைப்பார்கள். வரி குறையும், இலஞ்சம் கைமாறும். அதனால் மோசடிக்கே ‘லா லீனியா’, அதாவது ‘தொலைபேசி இணைப்பு’, என்று பெயர். ஐ.நா. ஆதரவுடன் இயங்கிய ஆணைக்குழுவும் அரச வழக்குத்தொடுநர்களும் அந்த அழைப்புகளை ஒட்டுக் கேட்டு, 2015 ஏப்ரலில் அம்பலப்படுத்தினார்கள். வாராவாரம் மக்கள் தலைநகரச் சதுக்கத்தில் திரண்டார்கள். செப்டெம்பர் 1 இல் பாராளுமன்றம் அவரது சட்டப் பாதுகாப்பை நீக்கியது. அடுத்த இரவே பதவி விலகல் கடிதம், மறுநாள் சிறை. 2022 டிசெம்பரில் 16 ஆண்டுத் தண்டனை.

அந்தத் தீர்ப்பு சுங்கக் கணக்குக்கு மட்டும். நெபாச் கணக்கு அதில் இல்லை.

காசுக்குத் தீர்ப்பு வந்தது, உயிருக்கு ஏன் வரவில்லை? ஒரு காரணம் எனக்குத் தெரிந்ததே. சுங்கப் பத்திரமும் ஒலிப்பதிவும் கையில் இருந்தன. எரிந்த கிராமத்தில் பத்திரம் ஏது? ஆனாலும் 2013 இல் இக்சில் மக்கள், பெண்களும் முதியவர்களும், நீதிமன்றம் வந்து பெயரும் இடமும் சொன்னார்கள். அதுதான் அவர்களிடம் இருந்த பற்றுச்சீட்டு.

நேயர்களே, உங்கள் அலுமாரியில் பழைய கடிதமோ, திகதி எழுதிய படமோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அம்மா, அப்பா சொல்வதை இன்றே எழுதி வையுங்கள். கணக்கு முடிய நாட்செல்லும். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் முடியவே முடியாது.

அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.