உள்ளங்கையில் ஓடும் இன்ஜின்... வீட்டு ஷெட்டில் ஒரு குட்டித் தொழிற்சாலை!

ரீல்ஸ் தள்ளிக்கிட்டே போகும்போது ஒரு முறையாவது கண்ணில் பட்டிருக்கும். மேசை மேல் ஒரு குட்டி பித்தளை இன்ஜின். யாரோ குழாயில் லேசாகக் காற்றைத் திறந்துவிட, 'டக் டக் டக்' என்று சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். இது பொம்மைக் கடைச் சரக்கு இல்லை. பிஸ்டன், சிலிண்டர், கிராங்க் என ஒவ்வொன்றையும் ஒருத்தர் வீட்டு லேத்தில் கடைந்து எடுத்திருப்பார். 'மாடல் இன்ஜினீயரிங்' என்பது இந்த ஹாபியின் பெயர்.

இன்ஸ்டா காலத்துப் புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். 1898-லேயே லண்டனில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் இதற்காகவே 'மாடல் இன்ஜினீயர்' என்ற பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். அதே வருடம் அங்கே ஒரு சங்கமும் உருவானது. பகலில் வேறு வேலை, ராத்திரி தோட்டத்து ஷெட்டில் லேத். இதுதான் அந்த வாசகர்களின் வாழ்க்கை.

அந்தப் பத்திரிகையின் சூப்பர் ஸ்டார், 'எல்.பி.எஸ்.சி' என்ற புனைபெயரில் எழுதியவர். ரொம்பச் சின்ன ரயில் இன்ஜினில் நிலக்கரி பாய்லர் சரிப்படாது, ஸ்பிரிட் விளக்குதான் லாயக்கு என்று பலர் நம்பிய காலம் அது. 1920-களில் இவர், தண்டவாள இடைவெளி வெறும் இரண்டரை அங்குலமே உள்ள 'ஆயிஷா' என்ற நிலக்கரி இன்ஜினைக் கொண்டுவந்து, வளர்ந்த ஆளையே இழுக்கவைத்துக் காட்டினார். வாக்குவாதமெல்லாம் அதற்கப்புறம் எடுபடவில்லை. இந்த ஹாபியில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். வாய்ப்பேச்சு செல்லாது. ஓடினால் ஓடியது, இல்லையென்றால் இல்லை.

முதல் இன்ஜின் எது?

வி8 வீடியோவைப் பார்த்துவிட்டு அதிலேயே கை வைப்பவர்கள் பாதியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். முதலில் செய்ய வேண்டியது 'வாப்ளர்'. பத்துப் பதினைந்து பாகங்கள்தான். இதில் சிலிண்டரே தொட்டில் மாதிரி ஆடும். ஒரு பக்கம் சாயும்போது அதன் துளை, காற்று வரும் துளையோடு நேராகும்; பிஸ்டன் தள்ளப்படும். மறுபக்கம் சாயும்போது வெளியேறும் துளையோடு சேரும். தனியாக வால்வே வேண்டாம். ஒரு தள்ளலுக்கும் அடுத்த தள்ளலுக்கும் நடுவில் இழுத்துக்கொண்டு போவது ஃப்ளைவீலின் வேலை.

கேட்க ஈஸியாகத்தான் இருக்கும். மாட்டி, காற்றைத் திறந்தால் அசையாது. 'புஸ்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். சிலிண்டரும் தாங்கியும் உரசும் இரண்டு முகங்களும் தட்டையாக இல்லை என்று அர்த்தம். கண்ணாடித் தகட்டின் மேல் நைஸ் எமரித் தாளை விரித்து, அதில் இரண்டையும் தேய்த்து எடுக்க வேண்டும். கையால் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடிக்கிறதா? கிராங்க் பின் நேராக நிற்கவில்லை. எல்லா இடத்திலும் பிடிக்கிறதா? சிலிண்டரை அழுத்தும் ஸ்ப்ரிங் ஓவர் டைட், அல்லது துளை ஓரத்தில் பிசிறு இருக்கிறது. ஒரு சாயங்காலம் முழுக்க இப்படித் தேடிக்கொண்டிருக்க ரெடி என்றால் மட்டும் இந்தப் பக்கம் வாங்க.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விடும் இடைவெளி, மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. தலைமுடியைவிட மெலிசு. ஐ.டி.ஐ-யில் டர்னர் படித்தவர்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. மற்றவர்களுக்கு மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகவே சில வாரம் ஆகும்.

சின்னது என்றால் சுலபமா?

உல்டா! இன்ஜினின் எல்லா அளவையும் பாதியாக்கினால், உள்ளே இருக்கும் கொள்ளளவு எட்டில் ஒன்றாகிவிடும். ஆனால் சுவரின் பரப்பு நாலில் ஒன்றாகத்தான் குறையும். அதாவது, கிடைக்கும் சூட்டோடு ஒப்பிட்டால் வெளியே ஓடும் சூடு இரண்டு மடங்கு. கசிவும் அப்படித்தான். இன்ஜினைச் சுருக்கலாம், இடைவெளியை அதே கணக்கில் சுருக்க முடியாது. குட்டி பெட்ரோல் இன்ஜின் செய்பவர்கள் ஸ்பார்க் பிளக்கையும் கார்புரேட்டரையும் தாங்களே செய்து வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

வாப்ளருக்கு அடுத்து, வார்ப்பு கிட் வாங்கிச் செய்வது வழக்கம். இங்கிலாந்தின் 'ஸ்டூவர்ட் 10வி' நீராவி இன்ஜின் இதில் பழைய கிளாசிக். சிலிண்டர் துளையே முக்கால் அங்குலம்தான். கரடுமுரடான வார்ப்பும் வரைபடமும் வரும். கடைசல் நம் பொறுப்பு. லேத்தைப் பொறுத்தவரை, பலரும் ஆரம்பிப்பது '7 அங்குலம்' என்று சொல்லப்படும் சீன மினி லேத்தில். கிட்டத்தட்ட 40 கிலோ இருக்கும், ஆடாத மேசை வேண்டும். ஒரு விஷயம்: லேத் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள். டூல், டேப், டை, டிரில், அளக்கும் கருவி என்று அதற்கப்புறம்தான் பர்ஸ் காலியாகும்.

இங்கே மட்டும் விளையாட்டு வேண்டாம்

லேத் ஓடும்போது கையுறை, மோதிரம், தொங்கும் துப்பட்டா, விரித்த முடி எதுவும் கூடாது. சுழலும் சக் அதைப் பிடித்தால், விடாது. சக் சாவியை மாட்டியபடியே சுவிட்சைப் போட்டால் அது பறந்து வரும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

அதைவிடப் பெரிய ஆபத்து பாய்லர். இன்ஜின் நன்றாக ஓடுகிறதே என்று ஆசைப்பட்டு, ஒரு டப்பாவை அடைத்து அடுப்பில் வைத்து நீராவி எடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அது வெடிகுண்டுக்குச் சமம். பிரிட்டனில் வீட்டில் செய்த செப்பு பாய்லரை கிளப்பின் சோதனையாளரிடம் காட்டித்தான் ஓட்டுவார்கள். புது பாய்லர் என்றால், வேலை செய்யும் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். அதுவும் நீராவியில் இல்லை, குளிர்ந்த தண்ணீரில். தண்ணீர் சுருங்காது, தையல் விட்டாலும் சிதறாது, ஒழுகுவதோடு போய்விடும்.

ஆரம்பத்துக்குக் காற்றே போதும். நன்றாகச் செய்த வாப்ளருக்கு ஒரு பார் அழுத்தம்கூடத் தேவைப்படாது. முதல் ஓட்டத்துக்கு முன் உரசும் இடங்களில் எல்லாம் எண்ணெய் விட்டு, பத்து நிமிடமாவது கையால் சுற்றிவிடுங்கள். வழியும் எண்ணெய் கறுப்பாக வந்தால் பாகங்கள் இன்னும் தேய்ந்து பழகிக்கொண்டிருக்கின்றன. துடைத்துவிட்டுப் புது எண்ணெய் விட்டு, மறுபடி சுற்றுங்கள்.