ஹேட்ஸ்டவுன்: தெய்வங்களின் அறிமுகம்
அனைஸ் மிட்செல் எழுதி இசையமைத்து, 2006இல் வெர்மான்ட்டில் சிறிய அளவில் அரங்கேறி, 2019இல் பிராட்வேயை எட்டிய ‘ஹேட்ஸ்டவுன்’ இசைநாடகம், கிரேக்கத் தொன்மம் அறியாதவரும் கதையைப் பின்தொடரும்படி, தன் தெய்வங்களைத் தொடக்கப் பாடலிலேயே பெயர் சொல்லி மேடைக்கு அழைக்கிறது. கட்டியங்காரனுக்குரிய அப்பணியை ஏற்பவர், தேவர்களின் தூதரும் இறந்தோரின் ஆவிகளைப் பாதாளத்துக்கு வழிநடத்துபவருமான ஹெர்மிஸ். இரு உலகுக்கும் இடையே போய்வரும் அவரைக் கதைசொல்லியாக்கியது மிகப் பொருத்தமே. வெள்ளிச் சாம்பல் நிற சூட் அணிந்து ஆந்த்ரே டி ஷீல்ட்ஸ் நடித்த இவ்வேடம், அவருக்கு டோனி விருதைப் பெற்றுத் தந்தது. டிராம்போன் முழங்க, விதியின் மூன்று தேவியர், வசந்தத்தைக் கொணரும் பெர்செபனி, அவள் கணவர் ஹேடிஸ் என ஒவ்வொருவராக அறிமுகமாகின்றனர். பாதாள மன்னரான ஹேடிஸ் இங்கே சுரங்கமும் ஆலையும் நடத்தும் முதலாளி. ஹேடிஸாக நடித்த பேட்ரிக் பேஜின் அடித்தொண்டைக் குரலே, வம்சாவளி விளக்கத்துக்கு வேலையின்றி, அம்மன்னரின் அதிகாரத்தை உணர்த்திவிட்டது.