மூன்று இழைகளும் ஒரு வரைபடமும்

டி.என்.ஏ என்றதும் வாட்சன், கிரிக் என்ற இரண்டு பெயர்கள்தான் நினைவுக்கு வரும். அது இரட்டைச் சுருள் என்று 1953-ல் அவர்கள் கேம்பிரிட்ஜிலிருந்து அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே சென்னையிலிருந்து ஒரு மூன்றிழைச் சுருள் வந்தது! அரியாங்குப்பத்தில் பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடும் ஊரில் நடந்த கதை இது.

முதலில் புரதம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். டி.என்.ஏ-வில் உள்ள குறிப்பை ஆர்.என்.ஏ நகலாக எடுத்துச் செல்கிறது. செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம் அதைப் படித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்கிறது. அந்தச் சங்கிலி சரியாக மடிந்தால்தான் புரதம் வேலை செய்யும். எப்படி மடிகிறது? அன்று பலரும் விடை தேடிய கேள்வி அது.

ஜி.என்.ராமச்சந்திரன் 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், சர் சி.வி.ராமனின் மாணவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை ஆராய எடுத்துக்கொண்டார். சென்னையிலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்குக் கைகொடுத்தது. கங்காரு வாலின் தசைநாரில் எக்ஸ்ரே செலுத்திப் படம் எடுத்தார்கள். கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

1955-ல் அலெக்சாண்டர் ரிச்சும் அதே கிரிக்கும் மறுப்பு எழுதினார்கள். மூன்று இழை சரி, ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் வாதம்.

அப்படியானால் அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம்? ராமச்சந்திரன் குழு, அதுவரை வெளிவந்த படிக ஆய்வுகளிலிருந்து அணுக்களின் இடைவெளிகளைத் திரட்டியது. சங்கிலியின் ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் முக்கியமாக இரண்டு கோணங்கள்தான் திரும்பக்கூடியவை. எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதாது என்று கணக்கிட்டு, ஒரே படத்தில் குறித்தார்கள். சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் வெளியிட்ட இதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'.

அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 2001-ல் சென்னையில் காலமானார். ஆனால் இன்றும் உலகில் எங்கே புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று இந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கணக்குப் புத்தகத்துக்கு ஆடிட்டர் மாதிரி! தன் மாதிரியில் சொல்லப்பட்ட ஒரு குறைக்கு விடை தேடப்போய், எல்லோருக்குமான அளவுகோலையே தந்துவிட்டுப் போனார் அவர்.