தைமூரின் முழங்காலும் செஞ்சிப் படிக்கட்டும்

1700-ஆம் வருடம், அக்டோபர் மாதம். மகாராஷ்டிரத்தில் மாண் நதிக்கரையில் கவாஸ்பூர் என்ற இடத்தில் ஔரங்கசீப்பின் பிரமாண்ட பாசறை தூங்கிக்கொண்டிருக்கிறது. எங்கோ மலைப்பக்கம் பெய்த மழையில் நதி பொங்கி, நடுராத்திரியில் கூடாரங்களுக்குள் புகுந்துவிட்டது. ஒரே கூச்சல்! பாதுஷா என்ன நினைத்தார் தெரியுமா? மராட்டியர்கள் பாசறைக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று! அவசரமாக எழுந்தவர் தடுக்கி விழுந்தார். வலது முழங்கால் மூட்டு பிசகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 81.

இந்துஸ்தானத்தில் பாதிக்கு மேல் தன் பெயரில் எழுதி வைத்திருந்த மனிதர். வைத்தியர்களுக்கா பஞ்சம்? ஆனாலும் மூட்டு சரியாகப் பொருந்தவில்லை. 1707-ல் கண்மூடும்வரை கொஞ்சம் விந்தி விந்தித்தான் நடந்தார். அரண்மனை ஜால்ராக்கள் அதிலும் ஒரு பெருமையைக் கண்டுபிடித்தார்கள். உலகத்தையே ஜெயித்த உங்கள் மூதாதை தைமூருக்கும் கால் ஊனம்தானே, இது பரம்பரைச் சொத்து என்று ஆறுதல் சொன்னார்களாம். வலியில் இருக்கிறவனிடம் இப்படிப் பேச ஒவ்வொரு குடும்பத்திலும் ஓர் ஆள் உண்டு, கவனித்திருக்கிறீர்களா?

தைமூர் விஷயம் வெறும் கதையில்லை. 1941 ஜூனில் சாமர்கண்டில் அவர் சமாதியை சோவியத் விஞ்ஞானிகள் திறந்தார்கள். கெராசிமோவ் என்ற நிபுணர் எலும்புகளை ஆராய்ந்தார். வலது காலில் தொடை எலும்பும் முழங்கால் சில்லும் ஒன்றாக ஒட்டிப் போயிருந்தன! அதாவது, அந்தக் கால் நேராக நீளாது. அந்தக் காலோடுதான் மனிதர் 1398-ல் சாமர்கண்டிலிருந்து டெல்லி வரை வந்து ஊரைச் சூறையாடிவிட்டுப் போயிருக்கிறார்.

இந்த 'ஒட்டிப் போன மூட்டு' என்பதை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது செஞ்சிக்கு வருவோம். கவாஸ்பூரில் மராட்டியர் என்று பாதுஷா ஏன் பயந்தார் என்பதற்கு ஒரு காரணம் நம்ம விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1689-ல் சம்பாஜியைப் பிடித்துக் கொன்றதும் மராட்டிய ராஜ்ஜியம் முடிந்தது என்று ஔரங்கசீப் கணக்குப் போட்டார். தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே ஓடி வந்து செஞ்சியில் உட்கார்ந்துகொண்டார். வரும் வழியில் பெங்களூர் பக்கம் மாட்டிக்கொள்ளத் தெரிந்தார். எதனால்? காலால்! சாதாரண யாத்ரீகர்கள் மாதிரி வந்த கூட்டத்தில் ஒருத்தருக்கு மட்டும் மற்றவர்கள் பயபக்தியோடு கால் கழுவி விட்டார்கள். பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்து மொகலாய அதிகாரிக்குத் தகவல் போய்விட்டது. கூட வந்தவர்களில் சிலர் அங்கேயே தங்கி அடி வாங்க, ராஜாராம் வேறு வழியில் நழுவினார் என்று சொல்லப்படுகிறது.

செஞ்சியை 1690-ல் சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். அடுத்த வருடம் பாதுஷாவின் மகன் காம் பக்‌ஷும், வஜீர் அசத் கானும் படையோடு வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் கோட்டை விழ 1698 ஆயிற்று. அதற்குள் ராஜாராம் தப்பி வேலூர் வழியாக மேற்கே போய்விட்டார். மொகலாயர்கள் கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று பெயர் வைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான் மிச்சம்!

ஏன் இத்தனை வருடம்? ராஜகிரிப் படிக்கட்டில் ஒருதரம் ஏறிப் பாருங்கள், புரிந்துவிடும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மூன்றையும் வளைத்து மதில். ராஜகிரி சுமார் 800 அடி. பாதி வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறையில் பெரிய பிளவு. அதைத் தாண்டப் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர் மேலே, கீழே இருப்பவர் கீழே! 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த ஒரே இடம் செஞ்சிதான்.

அந்தப் படிக்கட்டு எல்லாம் ஒரே உயரம் இல்லை. ஒன்று அரை அடி, அடுத்தது ஒரு அடி, அதற்கடுத்தது சாய்ந்த பாறை. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் கணுக்கால் பேச ஆரம்பிக்கும். நம்ம பக்கத்தில் கரண்டைக்கால் என்று சொல்வோமே, அதுதான்.

இந்தக் கரண்டைக்கால் ஒரு விசித்திரமான ஐட்டம். நடக்கும்போது உடம்பு எடையைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு சுமை அதில் இறங்குகிறது. 70 கிலோ ஆசாமி என்றால் 350 கிலோ! அதைத் தாங்கும் இடம் எவ்வளவு? மூட்டில் எலும்பும் எலும்பும் தொடும் பரப்பு சுமார் மூன்றரை சதுர சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம். முழங்காலிலும் இடுப்பிலும் இதைப்போல் மூன்று மடங்கு இடம் இருக்கிறது. நடுவில் இருக்கும் குருத்தெலும்பும் கணுக்காலில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். நான் பி.காம். படித்தவன். இப்படிப்பட்ட மிஷினைப் பார்த்தால் 'தேய்மானம் எவ்வளவு?' என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

ஆச்சரியம் என்னவென்றால், வயதானால் முழங்கால் தேய்கிற மாதிரி கணுக்கால் சும்மா தேய்வதில்லை. கிண்ணமும் மூடியும் போல எலும்புகள் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருப்பது ஒரு காரணம். அது கெட்டுப்போவது பெரும்பாலும் பழைய அடியால். என்றைக்கோ பைக்கிலிருந்து விழுந்தது, கிணற்று மேட்டில் சறுக்கியது. எலும்பு கூடியிருக்கும், ஆனால் ஒரு நூல் விலகிக் கூடியிருக்கும். 1976-ல் ராம்சே, ஹாமில்டன் என்ற இரண்டு டாக்டர்கள் அளந்து பார்த்தார்கள். கணுக்கால் எலும்பு ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தால் போதும், அந்த ஒரு ரூபாய் பரப்பில் 42 சதவிகிதம் காலி! மிச்சமிருக்கும் இடம் மொத்தச் சுமையையும் வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் தேயும். பத்து, இருபது வருடம் கழித்துக் காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் பில் வரும்.

அந்தக் காலத்தில் கால் உடைந்தால் கதி என்ன? செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த சமயம். 1750-ல் புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தது, 1761-ல் ஆங்கிலேயரிடம் போனது. இடையில் 1756-ல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற பிரபல சர்ஜன் குதிரையிலிருந்து விழுந்தார். கால் எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் தூக்க வந்தார்கள். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார் மனிதர்! குளிரில் தரையிலேயே படுத்தபடி, பல்லக்குத் தூக்கிகளை வரவழைத்தார். ஒரு கதவை விலைக்கு வாங்கி, பல்லக்குக் கழிகளை அதில் ஆணியடிக்கச் சொல்லி, அதன்மேல் ஆடாமல் அசையாமல் படுத்து வீட்டுக்குப் போனார். அங்கே சக டாக்டர்கள் காலை வெட்டத் தயாராக இருந்தார்கள். அன்றைய நிலவரத்தில் அதுதான் சரியான வைத்தியம். இல்லாவிட்டால் சீழ் வைத்து ஆளே போய்விடுவார். கடைசி நிமிடத்தில் அவருடைய குரு நோர்ஸ் வந்து, காலைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். கால் பிழைத்தது. படுக்கையில் கிடந்த நாட்களில் பாட் எழுத ஆரம்பித்தார். கணுக்கால் முறிவு ஒன்றுக்கே இன்றும் 'பாட் முறிவு' என்று பெயர்.

மயக்க மருந்து வந்தது 1846-ல். அதற்கப்புறம்தான் மூட்டைத் திறந்து வேலை பார்க்கும் துணிச்சல் வந்தது. 1879-ல் ஆஸ்திரியாவில் ஆல்பர்ட் என்ற சர்ஜன், இளம்பிள்ளை வாதத்தால் கால் தொளதொளத்துப் போன 14 வயதுப் பெண்ணுக்கு முழங்காலையும் கணுக்காலையும் அசையாமல் ஒட்டிவிட்டார். தொளதொளத்த கால் நிற்கப் பழகியது. தைமூருக்கு இயற்கை செய்ததை இவர் கத்தியால் செய்தார்! ஆர்த்ரோடெசிஸ் என்று பெயர். வலிக்கிற மூட்டுக்கும் இதே வழிதான்: அசைந்தால்தானே வலி? அசைவே இல்லாமல் செய்துவிடு. வலி போகும், வளைவும் போகும்.

இடுப்புக்கும் முழங்காலுக்கும் செயற்கை மூட்டு ஜோராக ஓட ஆரம்பித்ததும் கணுக்காலுக்கும் ஆசை வந்தது. 1970-ல் பிரான்ஸில் லோர்டும் மரோத்தும் இடுப்பு மூட்டுக் கம்பியைத் தலைகீழாகத் திருப்பிக் கால் எலும்பில் சொருகினார்கள். மொத்தம் 25 பேர். திருப்தி என்று சொல்லும்படி இருந்தது ஏழே பேருக்கு. 12 கேஸ் தோல்வி. இனி இது வேண்டாம், பழையபடி ஒட்டிவிடுவதே மேல் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். தோற்றதை மறைக்காமல் எழுதினார்கள் பாருங்கள், எனக்கு இந்த இரண்டு பேரையும் ரொம்பப் பிடிக்கும்.

கணுக்காலை ஒரு கதவுக் கீல் என்று நினைத்ததுதான் முதல் தலைமுறையின் தப்பு. அது மடங்கும்போதே லேசாகத் திரும்பவும் செய்யும், சறுக்கவும் செய்யும். 1981-ல் கோபன்ஹேகனில் ஹாகோன் கோஃபோட் புது மாதிரி ஒன்றைப் பொருத்தினார். பின்னால் அது மேலே ஒரு உலோகம், கீழே ஒரு உலோகம், நடுவில் சறுக்கும் பிளாஸ்டிக் துண்டு என்ற உருவத்துக்கு வந்தது. 2009-ல் அமெரிக்க அரசின் மருந்துத்துறை அதற்கு அனுமதி கொடுத்தது.

அப்படியானால் ஒட்டுவதா, மாற்றுவதா? இங்கிலாந்தில் 17 அரசு மருத்துவமனைகளில் 50 வயதைத் தாண்டிய 303 பேரை வைத்து இதற்கென்றே சோதனை செய்து 2022-ல் முடிவைச் சொன்னார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்ததில் இரண்டு கோஷ்டியும் நன்றாகவே தேறியிருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை! மாற்றியவர்களுக்குத் தையல் புண் ஆறுவதில் தொந்தரவு கொஞ்சம் அதிகம். ஒட்டியவர்களில் சிலருக்கு எலும்பு ஒட்டவே இல்லை.

இந்த இடத்தில் செஞ்சிக்கார அண்ணன் ஒருவரை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நெல் வியாபாரம். வயது அறுபதை நெருங்குகிறது. இருபது வருடத்துக்கு முன்னால் திண்டிவனம் ரோட்டில் பைக்கோடு சாய்ந்து கணுக்கால் உடைந்து, கட்டுப் போட்டு, சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டார். அப்புறம் வருடத்துக்கு வருடம் அவர் உலகம் சுருங்கியது. முதலில் களத்துமேடு போவதை நிறுத்தினார். பிறகு கல்யாண வீடுகளில் படி எத்தனை என்று விசாரித்துவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தார். கடையில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதே பெரிய யோசனையாகிவிட்டது. போன வருடம் சென்னையில் மூட்டு மாற்றிக்கொண்டார்.

"ஆபரேஷன்னா அன்னியோட தீந்துதுன்னு நெனச்சேன் தம்பி. அன்னிக்குத்தான் ஆரம்பிச்சுது" என்றார் என்னிடம்.

முதல் இரண்டு வாரம் காலை நெஞ்சுக்கு மேல் தூக்கி வைத்தே படுக்கை. இறக்கினால் ரத்தம் இறங்கித் தெறிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வலி மாத்திரையின் தயவு தீர்ந்துபோய் விடியும்வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது என்று உத்தரவு. வாக்கரில் ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் போக வேண்டும். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் கட்டியதுதான் அந்த வருடத்தின் பெரிய செலவு என்று அண்ணி அலுத்துக்கொண்டார்.

ஏழாவது வாரம் காலை ஊன்றச் சொன்னார்கள். ஊன்ற முடியவில்லை. மூட்டு ரெடி, மனசு ரெடியில்லை! இருபது வருடமாக அந்தக் காலை நம்பாமல் இருந்து பழகிவிட்டார். பிசியோதெரபி பெண் வந்து தினம் அரைமணி நேரம் குதிகால், பாதம், விரல் என்று வரிசையாக ஊன்றி நடக்கச் சொல்லிக் கொடுத்தாள். குழந்தைக்குக்கூட யாரும் இப்படிச் சொல்லிக் கொடுப்பதில்லை. நாலு மாதத்தில் கைத்தடியோடு கடைக்கு வந்தார். சாயங்காலமானால் கால் வீங்கி செருப்பு நுழையாது. அது ஏறக்குறைய வருடம் முழுக்க இருந்தது. டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள் என்றாலும், ஒவ்வொரு சாயங்காலமும் 'மூட்டு வீணாப் போச்சோ' என்று ஒருதரம் பயந்துகொள்வார்.

வலி போய்விட்டதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இது வேற வலி. முன்னாடி இருந்தது, ஒவ்வொரு நாளும் கூடும். இது கொறையுது. கொறையற வலிய வச்சுக்கிட்டு இருந்துடலாம் தம்பி."

அர்ஜென்டினாவின் கால்பந்து வீரர் பாட்டிஸ்டுடாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோல் மழை பொழிந்தவர். 2005-ல் ஓய்வு பெற்றபின் கணுக்கால் வலி தாங்காமல், காலையே வெட்டிவிடுங்கள் என்று டாக்டரிடம் கெஞ்சியதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 2019-ல் ஸ்விட்சர்லாந்தில் அவருக்கும் செயற்கைக் கணுக்கால் வைத்தார்கள். பணமும் புகழும் உள்ளவருக்கே இந்தக் கதி என்றால், நெல் மண்டி அண்ணனின் இருபது வருடத்தை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

புது மூட்டுக்கும் ஆயுசு உண்டு. பத்து வருடத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது நன்றாகவே இருக்கிறது. சிலருக்குத் தளர்ந்துபோய் மறுபடி திறக்க வேண்டியிருக்கிறது. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. குத்துக்காலிட்டு உட்காருவது அநேகமாக நடக்காது. மேடுபள்ளம் பார்த்து நடக்க வேண்டும். செஞ்சியில் மேடுபள்ளம் இல்லாத இடத்துக்கு எங்கே போவது?

அண்ணனுக்கு இருக்கும் ஆசை ஒன்றுதான். கமலக்கண்ணியம்மன் கோயில் வரை ஏற வேண்டும். உச்சிக்கெல்லாம் ஆசையில்லை. ஏறுவதைப் பற்றி டாக்டருக்கு அவ்வளவு கவலையில்லையாம், இறங்குவதுதான் யோசனை. பிசியோதெரபி பெண் அதற்கு ஒரு சட்டம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். அண்ணன் அதை வீட்டு மாடிப்படியில் தினம் சாயங்காலம் பழகுகிறார். மொத்தம் பதினாலு படி. போன வாரம் பார்த்தபோது கைப்பிடிச் சுவரைத் தொடாமல் ஒன்பது வரை இறங்கியிருந்தார்.